ஸ்டைலுக்குள் எட்டுப் பேர்: சின்ன கீபோர்டில் பக்கவாத்திய ஒலிகளை நமக்கு ஏற்றபடி மாற்றுவது

அக்கா மகன் காலேஜில் சேர்ந்த கையோடு ஒரு யமஹா பிஎஸ்ஆர்-இ373 வாங்கினான். 61 கட்டை, 622 வாய்ஸ் (வாத்திய ஒலிகள்), 205 ஸ்டைல் (தானாக ஓடும் பக்கவாத்தியம்). முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு ஸ்டைலாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான், பக்கத்து வீட்டுக்காரர் பாவம். இரண்டாவது வாரம் எனக்குப் போன் வந்தது.

"மாமா, எந்த ஸ்டைலைப் போட்டாலும் நான் வாசிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது. பின்னாடி ஒரு கோஷ்டியே உக்காந்து கத்துது."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஸ்டைல் என்பது ஒரு கோஷ்டிதான். அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் கத்துகிறார்கள் என்று தெரியாமல் ஸ்டைலை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு கோஷ்டி போய் இன்னொரு கோஷ்டி வரும், சத்தம் அப்படியேதான் இருக்கும். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் போனிலும் நேரிலும் சொல்லிக்கொடுத்ததின் தொகுப்பு. யமஹாவின் சின்ன மாடல்களை வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் என் கை பழகியது அதில்தான். கேசியோ வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு பத்தி உண்டு.

கணினியைத் தொடுவதற்கு முன்னால்

பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபங்ஷன் பட்டனை அழுத்தினால் ஸ்டைல் வால்யூம் என்று ஒன்று வரும். பெட்டியிலிருந்து எடுத்தபோது அது பெரும்பாலும் 100-ல் இருக்கும், உச்சம் 127. அதை 70-க்கு இறக்கிவிட்டு, கீபோர்டின் பெரிய வால்யூம் குமிழைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். வலது கை வாசிப்பு முன்னால் வந்துவிடும். இவ்வளவுதானா என்றால் பல நேரம் இவ்வளவுதான்.

அடுத்தது மெயின் ஏ, மெயின் பி. ஒரே ஸ்டைலின் இரண்டு முகங்கள் இவை. ஏ பொதுவாக அடக்கமாக இருக்கும், பி-யில் கூடுதலாக ஒரு கிட்டாரோ பித்தளை வாத்தியமோ வந்து சேரும். பல்லவிக்கும் சரணத்துக்கும் ஏ, இடையிசைக்கு பி என்று வைத்துக்கொண்டால் பாட்டுக்கே ஒரு ஏற்ற இறக்கம் கிடைக்கும். புதிதாக வாசிப்பவர்கள் தவறிப்போய் பி-யைப் போட்டுவிட்டு, பாட்டு முழுக்க அதிலேயே ஓட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏசிஎம்பி பட்டன், தானாக வரும் பக்கவாத்தியத்துக்கானது. இதை அணைத்துவிட்டு ஸ்டைலை ஓடவிட்டால் தாளம் மட்டும்தான் ஒலிக்கும், பேஸ், கிட்டார், ஸ்டிரிங்ஸ் எதுவும் வராது. நம் பாட்டுகளில் பலவற்றுக்கு இந்தத் தாளத்தோடு இடது கையில் நீங்களே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்து வாசித்தால் ஸ்டைல் தருவதைவிட நன்றாக இருக்கும். பஜனை, ஜெபக்கூட்டம், வீட்டுக் கொலு என்று நாலு பேர் உட்கார்ந்து பாடும் இடத்துக்கு நான் இன்றும் இப்படித்தான் வாசிக்கிறேன். பிஎஸ்ஆர்-இ400 வரிசை போன்ற கொஞ்சம் பெரிய மாடல்களில் ஸ்டைலின் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக அணைக்கும் வசதியும் இருக்கிறது. உங்கள் கையேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கீழே வரப்போகும் வேலையில் கால்வாசி மிச்சம்.

இதையெல்லாம் செய்தும் "ஸ்டைல் நல்லாத்தான் இருக்கு, அந்த ஒரு கிட்டார் மட்டும் வேண்டாம்", "டிரம்ஸுக்குப் பதில் கையால் தட்டும் காங்கோ மாதிரி ஏதாவது இருந்தால் தேவலை" என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

யமஹா ஸ்டைல் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு மிடி கோப்புதான், அதாவது எந்த நோட்டை எப்போது எந்த வாத்தியத்தில் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு. அதில் எட்டுப் பேருக்கு இடம். மிடியில் மொத்தம் 16 சேனல், ஸ்டைல் அதில் 9 முதல் 16 வரை எடுத்துக்கொள்கிறது. 9-ல் துணைத் தாளம், அதாவது ஷேக்கர், காங்கோ, டாம்பரின் மாதிரி. 10-ல் முக்கியத் தாளம், டிரம்ஸ். 11-ல் பேஸ். 12, 13 இரண்டும் கார்டு வாசிப்பவர்கள், பெரும்பாலும் ஒருவர் கிட்டார், ஒருவர் பியானோ. 14 பேட், நீட்டி நிரப்பும் ஸ்டிரிங்ஸ் இங்கேதான் இருக்கும். 15, 16 இரண்டும் ஃபிரேஸ், நடுநடுவே பிராஸ் வெட்டு, ஹார்ப் ஓட்டம் என்று அலங்காரம் செய்பவர்கள்.

என் அனுபவத்தில் கத்துகிறவர்கள் எப்போதும் 14, 15, 16-ல்தான் இருப்பார்கள். தாளமும் பேஸும் சும்மா தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், இந்த மூன்று பேர்தான் நீங்கள் மெலடி வாசிக்கும் அதே உயரத்தில் வந்து நின்று மறைப்பார்கள். புல்லாங்குழல் வாய்ஸில் நீங்கள் ஒரு பல்லவி வாசிக்கிறீர்கள், அதே இடத்தில் ஸ்டிரிங்ஸ் நீட்டிப் பிடித்தால் குழல் எங்கே கேட்கும்?

ஆக என் முதல் விதி: புதிதாக ஒரு வாத்தியத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒருவரை வெளியே அனுப்பிப் பாருங்கள். ஒலியை மாற்றும் ஆசையில் வருபவர்கள் எல்லோரும் சித்தார் போடலாமா, ஷெனாய் போடலாமா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பேரை நீக்கிவிட்டுக் கேட்டால் அந்த ஆசையே பல நேரம் அடங்கிவிடும்.

நீக்குவது என்றால் வால்யூமை 0 ஆக்குவது இல்லை, அந்தச் சேனலையே அழிப்பது. வால்யூம் 0 ஆனாலும் நோட்டுகள் உள்ளே வாசிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். இ373 ஒரே நேரத்தில் 48 ஒலிகளைத்தான் தாங்கும், அதில் கேட்காத ஸ்டிரிங்ஸுக்கு நாலைந்து போனால் உங்கள் பியானோ நோட்டு பாதியில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு.

கோப்பு எங்கிருந்து

இங்கே ஒரு ஏமாற்றம் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் 205 ஸ்டைலையும் இந்தச் சின்ன மாடல்களில் கோப்பாக வெளியே எடுக்க முடியாது, உள்ளேயே வைத்துத் திருத்தவும் முடியாது. கீபோர்டிலேயே ஸ்டைலை உருவாக்கித் திருத்தும் ஸ்டைல் கிரியேட்டர் வேண்டுமென்றால் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசைக்குப் போக வேண்டும், விலையும் அங்கேதான் இருக்கும். நம்மால் முடிந்தது, வெளியிலிருந்து ஒரு ஸ்டைல் கோப்பைக் கொண்டுவந்து, கணினியில் திருத்தி, கீபோர்டுக்குள் ஏற்றுவது. கோப்பின் பெயர் எஸ்டிஒய் என்ற மூன்று எழுத்தில் முடியும்.

கேசியோக்காரர்கள் கவனிக்க: சிடி-எக்ஸ்3000, 5000 மாடல்களில் ரிதம் எடிட்டர் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. டிரம்ஸ், பெர்குஷன், பேஸ், அப்புறம் கார்டு 1 முதல் 5 வரை என்று அங்கேயும் எட்டுப் பேர்தான். ஒவ்வொரு பார்ட்டின் ஒலியையும் வால்யூமையும் திரையிலேயே மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம், கணினியே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கேசியோ ரிதம் கோப்பு ஏசி7 என்று முடியும், யமஹா கோப்பு அதில் போகாது, அது இதில் வராது.

ஸ்டைல் கோப்பு தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான ஸ்டைல் என்று ஒரு பென் டிரைவை நானும் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பாதி ஒரே கோப்பு வேறு வேறு பெயரில், மீதியில் பெரும்பாலானவை பெரிய மாடலுக்காகச் செய்தவை. நாலு நல்ல ஸ்டைல் போதும். ஒரு 4/4 மெதுவாக, ஒரு 4/4 வேகமாக, ஒரு 3/4, ஒரு 6/8. நம் ஊர்ப் பாட்டு வாசிப்பவருக்கு அந்த 6/8 இல்லாமல் ஒரு மேடையும் நகராது, குத்துப் பாட்டில் பாதி அதில்தான் ஓடுகிறது.

கோப்பு கிடைத்ததும் முதல் வேலை, அசலை ஒரு தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுவது. நகலை மட்டும் தொடுங்கள். பெயரிலேயே எண் போட்டுக்கொண்டே போங்கள்: சிக்ஸ்எய்ட்-1, சிக்ஸ்எய்ட்-2 என்று. நான் இதைச் செய்யாமல் ஒரு நல்ல ஸ்டைலை அதன் மேலேயே சேமித்துக் கெடுத்திருக்கிறேன், அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

திருத்துவது

விண்டோஸில் ஓடும் மிக்ஸ்மாஸ்டர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. ஸ்டைலைத் திறந்தால் எட்டுச் சேனலும் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் வாய்ஸ், வால்யூம், பான் (ஒலி இடமா வலமா), ரிவெர்ப் (எதிரொலி). மியூசிக் மென்பொருள் ஏற்கெனவே பழகியவர்கள், கோப்பின் வாலை மிடி என்று மாற்றிப் பெயரிட்டு அதிலேயே திறந்து திருத்தப் பார்ப்பார்கள். திறக்கும், திருத்தவும் முடியும், ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது.

ஸ்டைல் கோப்பில் மிடிக்குப் பின்னால் சிஏஎஸ்எம் என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இடது கையில் கார்டு மாற்றும்போது எந்தப் பார்ட் எப்படி மாற வேண்டும் என்ற சட்டமெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. ஸ்டைலைச் செய்தவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் சி மேஜர் 7 கார்டில்தான் வாசித்துப் பதிந்திருப்பார். நீங்கள் ஏ மைனர் பிடித்தால் பேஸ் எந்த நோட்டுக்கு இறங்க வேண்டும், கிட்டார் எந்த நோட்டை விட்டுவிட வேண்டும் என்று கீபோர்டு இந்தத் துண்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. பொதுவான மிடி மென்பொருளுக்கு இது என்னவென்றே தெரியாது, சேமிக்கும்போது வெட்டி எறிந்துவிடும். அப்படி வெட்டுப்பட்ட கோப்பு சி கார்டில் ஒழுங்காக ஓடிவிட்டு, மைனர் போனதும் யாரோ தூக்கத்தில் வாசிப்பதுபோல ஆகலாம். அதனால் ஸ்டைலுக்கென்று எழுதப்பட்ட கருவியிலேயே திருத்துங்கள். வேறு வழியே இல்லை, மிடி மென்பொருளில்தான் செய்தாக வேண்டும் என்றால், அசல் கோப்பின் சிஏஎஸ்எம் துண்டை எடுத்துத் திருத்திய கோப்பில் திரும்ப ஒட்டும் சின்னக் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, அக்கா மகனின் கோப்பையே எடுத்துக்கொள்வோம். 6/8-ல் ஒரு மெதுவான ஸ்டைல். 10-ல் ஸ்டாண்டர்டு கிட் டிரம்ஸ், 9-ல் டாம்பரின், 11-ல் ஃபிங்கர் பேஸ், 12-ல் ஸ்டீல் கிட்டார், 13-ல் எலெக்ட்ரிக் பியானோ, 14-ல் ஸ்டிரிங்ஸ், 15-ல் பிராஸ், 16-ல் ஹார்ப்.

முதலில் 15, 16 இருவரையும் அழித்தோம். கேட்டோம். உடனே வீடு காலியானது மாதிரி இருந்தது, அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டிரிங்ஸ் வால்யூம் 100-ல் இருந்தது, 60 ஆக்கினோம், அப்போதுதான் அது பின்னால் போய் நின்றது. இந்த எண்ணில் இரண்டு மூன்று கூட்டிக் குறைத்தால் காதுக்கு வித்தியாசமே தெரியாது, மாற்றினால் பத்துப் பத்தாக மாற்றுங்கள். எலெக்ட்ரிக் பியானோவை 75-ல் விட்டு, பான் என்ற இடத்தில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினோம். பானில் 64 என்பது நடு, 0 முழு இடது, 127 முழு வலது. கிட்டார் 90, பியானோ 40 என்று பிரித்து வைத்தால் ஹெட்ஃபோனில் இருவரும் வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியும். பேஸை மட்டும் நடுவிலிருந்து நகர்த்தாதீர்கள்.

அடுத்தது வாய்ஸ் மாற்றுவது. ஒவ்வொரு வாய்ஸுக்கும் மூன்று எண் உண்டு: எம்எஸ்பி, எல்எஸ்பி, புரோகிராம். மூன்றும் சேர்ந்துதான் விலாசம். கையேட்டின் பின்பக்கத்திலோ தனியாகக் கிடைக்கும் டேட்டா லிஸ்டிலோ வாய்ஸ் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த மூன்றும் அச்சிட்டிருக்கும். எம்எஸ்பி 0, எல்எஸ்பி 0 என்றால் அது 1991-ல் வந்த ஜெனரல் மிடி வரிசை, ஜெனரல் மிடி உள்ள எந்தக் கம்பெனி கீபோர்டிலும் அந்த வரிசையில் அதே எண்ணுக்கு அதே வாத்தியம்தான். 1 பியானோ, 25 நைலான் கிட்டார், 26 ஸ்டீல் கிட்டார், 34 ஃபிங்கர் பேஸ், 49 ஸ்டிரிங்ஸ், 74 புல்லாங்குழல், 105 சித்தார். எல்எஸ்பி 112 என்பது போல வருபவை யமஹா தன் பேனலில் வைத்திருக்கும் வாய்ஸ்கள், பெரும்பாலும் இவைதான் கேட்க நன்றாக இருக்கும், உங்கள் மாடலில் இருப்பதைப் பார்த்துப் போடுங்கள்.

இந்தப் புரோகிராம் எண்ணில்தான் எல்லோரும் ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். கையேடு 1-லிருந்து 128 வரை எண்ணும். சில மென்பொருள் 0-விலிருந்து 127 வரை எண்ணும். நான் முதன்முதலில் ஒரு பக்திப் பாட்டுக்குச் சித்தார் வேண்டுமென்று 105 போட்டேன். டொய்ங் டொய்ங் என்று பாஞ்சோ வந்தது. வாய்ஸே பழுது என்று நினைத்துக் கீபோர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் அந்த மென்பொருள் 0-விலிருந்து எண்ணுகிறது, அதில் சித்தார் 104, பாஞ்சோ 105. அன்றிலிருந்து எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் பியானோ எந்த எண்ணில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். 0 என்றால் எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கிட்டாருக்கு வருவோம். அக்கா மகன் கோப்பில் ஸ்டீல் கிட்டார் என்று பெயர் இருந்ததே தவிர, வாசித்தால் நடுநடுவே கீச் கீச்சென்று யாரோ கண்ணாடியைச் சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம். பெரிய மாடலிலிருந்து வந்த ஸ்டைல்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த மாடல்களில் மெகா வாய்ஸ் என்று ஒரு வகை உண்டு, எம்எஸ்பி 8 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். மெகா வாய்ஸில் மெதுவாக அடித்தால் ஒரு வகை மீட்டல், பலமாக அடித்தால் ஸ்லைடு, மிக உயரத்தில் உள்ள கட்டைகளில் நோட்டுக்குப் பதிலாகக் கம்பி உரசும் சத்தம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே அது அச்சு அசல் கிட்டார். நம் சின்ன கீபோர்டில் மெகா வாய்ஸ் இல்லை, அதனால் ஒன்று ஊமையாகிவிடும், இல்லையென்றால் சாதாரண கிட்டாராக ஒலித்து, உரசல் சத்தத்துக்காக வைத்த உயர நோட்டுகளையெல்லாம் உண்மையான நோட்டாகவே வாசிக்கும். அதுதான் அந்தக் கீச்.

இதற்கு மருந்து மூன்று படி. வாய்ஸை எம்எஸ்பி 0, நைலான் கிட்டார் என்று மாற்றுங்கள். அந்தச் சேனலில் மிக உயரத்தில் தனியாக மிதக்கும் நோட்டுகளை, மிடி எண் 96-க்கு மேல் உள்ளவற்றை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். கடைசியாக வெலாசிட்டி, அதாவது நோட்டு அடித்த வேகம்: மெகா வாய்ஸில் அது மீட்டலின் வகையைச் சொல்லும் எண், சாதாரண வாய்ஸில் சத்தத்தைச் சொல்லும் எண். அதை அப்படியே விட்டால் ஒரு நோட்டு முணுமுணுக்கும், அடுத்தது அலறும். எல்லாவற்றையும் 70-க்கும் 90-க்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டால் கிட்டார் மனிதன் வாசிப்பதுபோல ஆகிவிடும். நோட்டுகளைத் தொடும் இந்த வேலைக்கு மிடி எடிட்டர் தேவைப்படும், சிஏஎஸ்எம் துண்டை மறக்க வேண்டாம்.

தாளம் மட்டும் தனிக் கதை

மற்றப் பார்ட்டுகளில் வாய்ஸை மாற்றினால் வாத்தியம் மாறும். தாளத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு வாத்தியம், அதனால் இங்கே யோசித்துச் செய்ய வேண்டும்.

சுலபமான வழி, கிட்டையே, அதாவது தாள வாத்தியத் தொகுப்பையே மாற்றுவது. டிரம் கிட்டுகளுக்கு எம்எஸ்பி 127. புரோகிராம் 1 ஸ்டாண்டர்டு, 17 ராக், 33 ஜாஸ், 41 பிரஷ். மெதுவான பாட்டுக்கு ஸ்டாண்டர்டை எடுத்துவிட்டு பிரஷ் கிட் போட்டுப் பாருங்கள், ஸ்னேர் டமார் என்று அடிப்பது போய்த் துடைப்பக்குச்சியால் தட்டுவதுபோல மிருதுவாகிவிடும். ஒரே ஒரு எண்தான் மாற்றியிருக்கிறீர்கள், முழு ஸ்டைலும் வயதில் பெரியதாகிவிட்டது மாதிரி இருக்கும். உங்கள் பட்டியலில் இந்தியன் கிட் என்று ஏதாவது இருந்தால் ஆசைப்பட்டு அதைப் போட்டுவிடாதீர்கள், அதில் கட்டைகளின் வரிசையே வேறு. பேஸ் டிரம் இருந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஒலிக்கும், தாளம் கந்தலாகிவிடும். அந்த கிட்டைப் பயன்படுத்த வேண்டுமென்றால் நோட்டு நோட்டாக இடம் மாற்ற வேண்டும்.

அந்த இடமாற்றம் ஒன்றும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஸ்டாண்டர்டு கிட்டுக்குள்ளேயே நமக்குத் தேவையானது நிறைய இருக்கிறது. 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட், 54 டாம்பரின், 60, 61 போங்கோ, 62, 63, 64 காங்கோ, 70 மராக்காஸ். நாங்கள் 38-ல் இருந்த எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து 64-க்குத் தூக்கிப் போட்டோம், ஸ்னேர் விழுந்த இடத்திலெல்லாம் காங்கோ விழுந்தது. 42-ஐ 70 ஆக்கினோம், ஹை-ஹாட்டின் இரும்புச் சத்தம் போய் விதைச் சத்தம் வந்தது. பேஸ் டிரம்மை அப்படியே விட்டோம், வெலாசிட்டியை மட்டும் கொஞ்சம் குறைத்தோம். ஐந்து நிமிட வேலை. தவிலோ தபேலாவோ அல்ல, ஆனால் தரையில் உட்கார்ந்து ஒருவர் கையால் தட்டுகிறார் என்ற உணர்வு வந்துவிடுகிறது. ஸ்னேர் இருந்த ஸ்டைலில் அது எந்தக் காலத்திலும் வராது.

இங்கே நான் நோட்டுப் பெயர் சொல்லாமல் எண்ணாகவே சொல்வதற்குக் காரணம் உண்டு. 60-ம் எண் நோட்டை யமஹா சி3 என்று எழுதும், பல மென்பொருள் சி4 என்று எழுதும். பெயரைப் பார்த்துப் போட்டால் ஒரு ஸ்தாயி தள்ளிப் போய், காங்கோவுக்குப் பதில் வேறு ஏதோ ஒலிக்கும். எண் எப்போதும் எண்தான்.

கீபோர்டுக்குள் ஏற்றுவது

இ373 போன்ற மாடலில் பின்பக்கம் யூஎஸ்பி டு ஹோஸ்ட் என்று ஒரு துளை இருக்கும், பிரின்டருக்குப் போடுவோமே, அந்தச் சதுர முனைக் கேபிள்தான். கணினியோடு இணைத்து, உங்கள் மாடலுக்கு யமஹா சொல்லியிருக்கும் முறையில் கோப்பை அனுப்ப வேண்டும். பென் டிரைவ் போடும் துளை உள்ள இ400 வரிசையில் கேபிளே வேண்டாம், பென் டிரைவில் போட்டுக் கீபோர்டின் ஃபைல் மெனுவில் லோடு செய்யலாம். பென் டிரைவைக் கீபோர்டிலேயே ஒரு முறை ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், அதிலுள்ள கல்யாண ஆல்பத்தை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு. கோப்பை ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் புதைக்காமல் மேலாக வையுங்கள்.

எத்தனை ஸ்டைல் ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, ஒன்றே ஒன்று மட்டும் ஏற்கும் மாடல்களும் உண்டு, கையேட்டில் இருக்கும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைக்காதீர்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள். நம் ஊர்க் கரண்டை நம்ப முடியாவிட்டால் பேட்டரி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. மேல் கோடியில் உள்ள கடைசி வெள்ளைக் கட்டையையும் அதை ஒட்டிய மூன்று கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஸ்விட்ச் போட்டால், நீங்கள் ஏற்றிய ஸ்டைலும் பாட்டும் மொத்தமாக அழிந்துவிடும். தற்செயலாக நடக்காது என்பீர்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் எதுவும் நடக்கும். அசல் கோப்புகள் கணினியில் இருக்கட்டும்.

கேட்டுப் பார்ப்பது

ஏற்றியதும் சி கார்டில் மட்டும் வாசித்துவிட்டு ஆஹா என்று எழுந்து போகாதீர்கள். சி, ஏ மைனர், டி மைனர், ஜி7 என்று ஒரு சுற்று போங்கள். அப்புறம் எஃப், எஃப் ஷார்ப். ஒவ்வொரு கார்டிலும் பேஸ் எந்த உயரத்தில் போகிறது என்று கேளுங்கள். சி-யில் நன்றாக இருந்த பேஸ், மேலே போகப் போகப் பேஸாகவே இல்லாமல் கிட்டார் மாதிரி மெலிந்தால், சிஏஎஸ்எம்மில் ஹை கீ என்று ஒரு எண் இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும். ஹை கீ எஃப் என்று வைத்தால், எஃப் வரை மேலே ஏறும், எஃப் ஷார்ப் வந்ததும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். கார்டுகள் ஒழுங்காகப் பிடிபடுகின்றனவா என்பதையும் பாருங்கள். இடது கைப் பகுதி வழக்கமாக யமஹா கணக்கில் எஃப் ஷார்ப் 2 வரைதான், அதைத் தாண்டி விரல் போனால் அது மெலடியாகிவிடும், ஸ்டைலின் குற்றம் இல்லை.

ஹெட்ஃபோனில் ஒரு முறை, கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் ஒரு முறை, கடைசியாக நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். கீபோர்டின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவைத்தால் மண்டபத்து பாக்ஸில் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். திருப்தியானதும் ஸ்டைல், டெம்போ, வலது கை வாய்ஸ் மூன்றையும் செட்டிங்ஸை நினைவில் வைக்கும் ரெஜிஸ்ட்ரேஷனில் ஒரு பட்டனில் சேமித்துவிடுங்கள்.

அக்கா மகன் ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டான். இப்போது குழல் கேட்கிறதாம், ஆனால் ஃபில் (பாட்டின் நடுவே வரும் சின்னத் தாள நிரப்பு) பட்டனை அழுத்தும்போது மட்டும் ஸ்டிரிங்ஸ் பழையபடி கத்துகிறதாம். கோப்பைத் திறந்து பார்த்தால், நாங்கள் வால்யூம் மாற்றியது ஆரம்ப செட்டிங்ஸில் மட்டும், ஃபில் பகுதிக்குள் தனியாக ஒரு வால்யூம் கட்டளை 110-ல் உட்கார்ந்திருந்தது. இன்ட்ரோ, எண்டிங் இரண்டிலும் அதே கதை. மூன்றையும் 60 ஆக்கி, சிக்ஸ்எய்ட்-7 என்று பெயர் போட்டு அனுப்பினேன்.